ஊசி போட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. இருபது வருடத்துக்கு முன்பு ஓர் அழகு நிலையத்தில் மார்பு எடுப்பாகத் தெரிய ஊசி போட்டுக்கொண்டேன். சிலிக்கான் என்றார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. போன மாதம் எடுத்த மேமோகிராமில் இரண்டு பக்கமும் நிறைய உருண்டைகள், உள்ளே சரியாகப் பார்க்க முடியவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புற்றுநோயா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோலாலம்பூர்

பதில்: பதறாதீர்கள் அம்மா. ஊசியில் போன சிலிக்கான் துளித்துளியாகச் சிதறி, சதைக்குள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் நார்த்திசு வளரும், நாளடைவில் அதில் சுண்ணாம்புச்சத்து படியும். எக்ஸ்ரே கதிரை சிலிக்கான் பெருமளவு தடுத்துவிடுவதால், மேமோகிராமில் வெள்ளை வெளேரென்று உருண்டைகள் தெரியும். சிலவற்றுக்கு முட்டை ஓடு போல மெல்லிய விளிம்பும் இருக்கும். உங்கள் ரிப்போர்ட் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் புற்றுக்கட்டியும் அந்தப் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். இத்தனை உருண்டைகளுக்கு நடுவே சின்னதாக ஒன்று இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அல்ட்ராசவுண்டும் பெரிதாகக் கைகொடுக்காது. சிலிக்கான் இருக்கும் இடத்துக்குக் கீழே எல்லாம் வெண்மூட்டமாகிவிடும். 'பனிப்புயல்' என்றே நாங்கள் அதைச் சொல்வோம். அக்குள் நெறிகளுக்குச் சிலிக்கான் பரவியிருந்தால் அங்கேயும் இதே தோற்றம்தான்.

உங்களுக்கு வேண்டியது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. புற்றுக்கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்தை வேகமாக வாங்கிப் பளிச்சென்று தெரியும். சிலிக்கான் துளி மருந்தை வாங்காது. சுற்றியுள்ள அழற்சித் திசு சில சமயம் வாங்கும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஊசி பயாப்ஸி செய்து பார்த்துவிடலாம்.

இன்னொன்று. அழகு நிலையத்தில் சிலிக்கான் என்று சொல்லிப் போட்டது பாரஃபினாகவோ, சீனா 2006-இல் தடைசெய்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லாகவோகூட இருக்கலாம். அந்த ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்; எம்.ஆர்.ஐ.யில் தண்ணீர் மாதிரியே தெரியும். சிலிக்கானைத் தனியாகக் காட்ட வேறு செட்டிங் வைத்து எடுக்க வேண்டும். ஊசி போட்டது ஸ்கேன் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அப்படி எடுக்க முடியும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவரிடம் நீங்கள் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அவரிடம் மட்டும் மறைக்காதீர்கள். அவர் உங்களை எடைபோட அங்கே உட்காரவில்லை.

பழைய மேமோகிராம் படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று அழகு நிலையத்தில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சதையோடு கலந்துவிட்டதை அப்படி முழுதாக எடுக்க முடியாது.