நட்ட மரமா, பிழைத்த மரமா?

நமது மாவட்டத்தில் மரநடுகை விழாக்களுக்குக் குறைவில்லை. மாரி மழையோடு கன்றுகள் வந்து இறங்குகின்றன, படம் பிடிக்கப்படுகிறது, எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கன்றுகள் கருகுகின்றன. எஞ்சியவற்றை ஆடுகள் கடிக்கின்றன. இந்தத் தவறை நாமும் செய்திருக்கிறோம். ஆகவே, இதே வேலையை வேறுவிதமாகச் செய்து காட்டிய ஓர் ஆபிரிக்கப் பெண்மணியின் வாழ்வை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வங்காரி மாத்தாய் 1940 இல் கென்யாவின் நியேரிப் பகுதியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பெண்பிள்ளைகள் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில் கன்னியர் நடத்திய பாடசாலைகளில் கற்று, புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று உயிரியல் பயின்றார். 1971 இல் நைரோபியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதற் பெண் அவரே.

பின்னர் கென்யத் தேசிய மாதர் சபையில் பணியாற்றியபோது கிராமப் பெண்களின் குறைகளைக் கேட்டார். விறகுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது, ஓடைகள் வற்றின, பிள்ளைகளுக்குச் சத்துணவு கிடைக்கவில்லை. இம்மூன்றுக்கும் வேர் காடழிவே எனக் கண்டு, 1977 இல் பசுமைப் பட்டி இயக்கத்தைத் தொடங்கினார்.

மரம் வளர்க்கப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வேண்டும் என்றனர் வன அதிகாரிகள். பெண்களோ அயலிலுள்ள மரங்களின் விதைகளைப் பொறுக்கி, கைக்குக் கிடைத்த பழைய பாத்திரங்களில் முளைக்க வைத்தனர். இங்கேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது: நட்டதற்காக அவர்களுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை. பிழைத்த ஒவ்வொரு கன்றுக்குமே சிறு கொடுப்பனவு வழங்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டளவில் அவ்வியக்கம் நட்ட மரங்கள் 3 கோடியைக் கடந்தன.

1989 இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அரசு முயன்றபோது, அதை எதிர்த்து நின்று தடுத்தார். ஏளனமும் அடியும் சிறையும் அவருக்குக் கிடைத்தன. 2004 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்று, அதனைப் பெற்ற முதல் ஆபிரிக்கப் பெண்ணானார். 2011 இல் காலமானார்.

கிராமப் பெண்களின் ஆற்றலை நம்பியோர் நம் நாட்டிலும் இருந்தனர். கனடாவிற் பிறந்து, தமிழரொருவரை மணந்து இங்கு வாழ்ந்த டொக்டர் மேரி ரட்ணம், 1930 இலேயே லங்கா மகிளா சமித்தியை நிறுவி, கிராமப் பெண்களை ஒன்றுசேர்த்தார்.

குச்சவெளியிலும் மூதூரிலும் கோடையில் கிணற்றிலிருந்து நீர் அள்ளுபவர்கள் பெண்களே. எந்தக் கன்றுக்கு நீர் எட்டும், எதற்கு வேலி வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். கன்று இறக்குமுன் அவர்களைக் கேட்போம். ஆவணியில் உயிரோடு நிற்பவற்றை எண்ணுவோம். அந்த எண்ணிக்கையே அறிக்கையில் ஏறட்டும்.

மாதர் சங்கங்களிற் கலந்துரையாட:
1. சென்ற மாரியில் நமது கிராமத்தில் நட்ட கன்றுகள் எத்தனை? இன்று நிற்பவை எத்தனை?
2. வேம்பு, முருங்கை, புங்கு ஆகியவற்றின் விதைகளை நாமே சேகரித்து நாற்றுமேடை அமைக்க எவர் முன்வருவார்?
3. கோடை மாதங்களில் நீர் ஊற்றும் முறையை எப்படிப் பகிர்ந்துகொள்வோம்?