வீட்டுக்குள் புகுந்த வேவுக்காரன்

வீட்டுக்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. முன்பின் தெரியாதவர் வந்தால், "யார் நீங்க? என்ன வேணும்?" என்று கேட்கிறோம். கேட்ட பிறகுதான் உள்ளே விடுகிறோம்.

கம்ப்யூட்டருக்கும் கதவு உண்டு. இன்டர்நெட் வழியாகப் பலர் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். நல்லவர்களும் தட்டுகிறார்கள். திருடர்களும் தட்டுகிறார்கள். திரையில் வரும் "சரி" என்ற பொத்தானை அமுக்கினால் கதவு திறந்துவிடும். அங்கே எழுதியிருப்பதைப் படிக்காமல் அமுக்கினால், யார் என்று கேட்காமல் உள்ளே விட்டதாக ஆகும்.

வேவு பார்ப்பது எது?

கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை இட வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புக்குப் புரோகிராம் என்று பெயர். கடிதம் எழுத ஒரு புரோகிராம். படம் பார்க்க ஒரு புரோகிராம். இன்டர்நெட் பக்கங்களைப் பார்க்க உதவும் புரோகிராமுக்கு பிரவுசர் என்று பெயர்.

கெட்ட புரோகிராம்களும் உண்டு. அவற்றில் ஒரு வகை ஸ்பைவேர். இது ஒற்றனைப் போன்றது. சத்தம் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். நாம் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று கவனிக்கும். சில வகை ஸ்பைவேர், நாம் தட்டும் எழுத்துகளைக்கூடக் குறித்துக்கொள்ளும். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு, அதாவது ரகசியச் சொல், இப்படித்தான் திருட்டுப் போகிறது.

பாப்-அப் என்பது வேறு. நாம் கேட்காமலே திரையில் குதித்து வரும் சிறு பெட்டி அது. பெரும்பாலும் விளம்பரமாக இருக்கும். எல்லாப் பாப்-அப்பும் திருட்டு இல்லை. ஆனால் ஓயாமல் வந்தால், உள்ளே ஏதோ புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பாப்-அப் தொல்லை கொடுக்கும். ஸ்பைவேர் தொல்லை கொடுக்காது, திருடும். அதனால் தொல்லை நின்றதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

எந்த வழியாக வருகிறது?

• "இலவசம்" என்று சொல்லும் விளையாட்டு, பாட்டு, சினிமா ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும்.
• காசு கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராமின் திருட்டுப் பிரதியோடு வரும்.
• தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலில் இணைப்பாக வரும்.
• அடுத்தவர் கொடுக்கும் பென் டிரைவில் வரும்.
• "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று ஓர் இணையப் பக்கம் கேட்கும். "அலவ்" என்பதை அமுக்கினால் அனுமதி கொடுத்ததாகும். பிறகு விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கும்.

பயமுறுத்தும் பெட்டி

ஓர் ஊரில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் இருந்தார். மகளிர் குழுவின் கணக்கையும் அவர்தான் பார்த்து வந்தார். மகன் படிப்பதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். குழுவில் 15 பெண்கள். அவர்கள் மாதாமாதம் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. அந்த வங்கிக் கணக்கையும் அதே கம்ப்யூட்டரில்தான் பார்ப்பார்.

ஒரு நாள் இரவு கம்ப்யூட்டர் "கீ கீ" என்று கத்தியது. திரை முழுக்க ஒரு பெட்டி. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். வங்கி விவரம் திருடப்படுகிறது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று அதில் இருந்தது. அவர் பதறிப்போனார். போனைக் கையில் எடுத்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இளைஞர் ஓடி வந்தார். அவர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்.

"அக்கா, போனைக் கீழே வைங்க!"

"ஏன் தம்பி? வைரஸ் வந்திருக்குன்னு போட்டிருக்கே. கம்பெனிக்காரங்க நம்பரும் கொடுத்திருக்காங்க."

"கம்பெனிக்காரங்க இப்படிக் கத்த மாட்டாங்க அக்கா. மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற எச்சரிக்கையில போன் நம்பரே இருக்காது. இது திருடன் நம்பர். பேசினா, 'நான் சரி பண்றேன், ஒரு புரோகிராம் போடுங்க'ன்னு சொல்வான். போட்டா கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போயிடும்."

"ஐயோ! குழுப் பணம் இருக்கே தம்பி. நான் இப்பவே பாஸ்வேர்டை மாத்திடறேன்." அவர் கீபோர்டில் கை வைத்தார்.

"இதுல வேண்டாம் அக்கா. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கான்னு வைங்க. அவன் கண் முன்னாலயே புதுச் சாவி செய்யலாமா? அதையும் பார்த்துப்பான். மாமாவோட போன்ல மாத்துங்க. அது சுத்தமா இருக்கு."

அந்தப் பெண் அப்படியே செய்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

சுத்தம் செய்யும் முறை

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் என்ற அடிப்படைப் புரோகிராம் இருக்கிறது. அதில் செய்ய வேண்டியவை இவை.

1. இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கலாம். வைஃபையை நிறுத்தலாம். இணைப்பு இல்லை என்றால் திருடியதை வெளியே அனுப்ப முடியாது.

2. பயமுறுத்தும் பெட்டியை மூட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் அமுக்கக் கூடாது. "மூடு" என்று எழுதியிருந்தாலும் அது பொய்யாக இருக்கலாம். கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அமுக்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் என்ற பட்டியல் வரும். அதில் பிரவுசரின் பெயரைத் தொட்டு, "எண்ட் டாஸ்க்" கொடுக்க வேண்டும். பெட்டி மறைந்துவிடும். பிரவுசரை மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும்.

3. வேறு நல்ல போனிலோ கம்ப்யூட்டரிலோ பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். முதலில் வங்கி. அடுத்து மின்னஞ்சல். சுத்தம் செய்து முடியும்வரை பழைய கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது.

4. தெரியாத புரோகிராமை நீக்க வேண்டும். செட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஸ் என்று இருக்கும். அதற்குள் எல்லாப் புரோகிராம்களின் பட்டியலும் இருக்கும். அதைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். தொல்லை எந்த நாளில் தொடங்கியதோ, அந்த நாளில் நுழைந்தது எது என்று தெரிந்துவிடும். தையல்காரப் பெண்ணின் கம்ப்யூட்டரில், மகன் இலவச விளையாட்டு ஒன்றை இறக்கிய அதே நாளில் யாரும் கேட்காத இரண்டு புரோகிராம்கள் நுழைந்திருந்தன. இப்படிப்பட்டவற்றைத் தொட்டு "அன்இன்ஸ்டால்" கொடுக்க வேண்டும். ஆனால் பெயர் புரியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் நீக்கிவிடக் கூடாது. சில, கம்ப்யூட்டர் ஓடுவதற்கே தேவைப்படும். சந்தேகம் வந்தால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

5. பிரவுசரைச் சுத்தம் செய்ய வேண்டும். பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்ற ஒட்டுப் புரோகிராம்கள் இருக்கும். தெரியாதவற்றை நீக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸ் பகுதியில் நோட்டிபிகேஷன்ஸ் என்பதைத் தேட வேண்டும். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற இணையப் பக்கங்களின் பெயர்கள் அங்கே இருக்கும். தேவையில்லாதவற்றின் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். பல வீடுகளில் பாப்-அப் தொல்லை இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

6. ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேன் என்றால் மூலை முடுக்கெல்லாம் சோதிப்பது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற காவல்காரன் ஏற்கனவே இருக்கிறான். தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். இன்டர்நெட் இணைப்பைத் திரும்பக் கொடுத்து, முதலில் அதை அப்டேட் செய்ய வேண்டும். புதிய திருடர்களின் அடையாளம் அப்போதுதான் அதற்குத் தெரியும். பிறகு "விண்டோஸ் செக்யூரிட்டி" பகுதியில் "ஃபுல் ஸ்கேன்" கொடுக்க வேண்டும். இதற்குப் பல மணி நேரம்கூட ஆகலாம். பொறுமை வேண்டும்.

7. "ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுக்க வேண்டும். சில திருடர்கள் விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்வார்கள். இந்த ஸ்கேன், கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பத் தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். தொடங்கும் முன் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் தொல்லை தீரவில்லை என்றால் ஒரு வழி உண்டு. புகைப்படங்கள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பழைய புரோகிராம்களை எடுக்கக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். இதற்குத் தெரிந்தவர் உதவியைப் பெறலாம்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. படித்த அதிகாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். நேரம்தான் முக்கியம்.

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த முயல்வார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். இது 2019-ல் பொதுமக்களுக்காகத் தொடங்கப்பட்டது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லாமல் பணம் போனால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்று அதில் சொன்னது. பாஸ்வேர்டைத் தானே பிறருக்குச் சொல்லி ஏமாந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பைத் தானே ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும் என்றது. சீக்கிரம் சொல்வது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

சட்டமும் அரசும்

பிறர் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் வைரஸ் புகுத்துவது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இதைச் சொல்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

2023 அக்டோபரில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு "ஆபரேஷன் சக்ரா-2" என்று பெயர். கம்ப்யூட்டர் கம்பெனியின் உதவியாளர் போலப் பேசி வெளிநாட்டு மக்களை ஏமாற்றியதாகச் சில கால் சென்டர்கள் மீது புகார் வந்திருந்தது. பயமுறுத்தும் பெட்டிக்குப் பின்னால் இப்படிப்பட்ட கூட்டம் இருக்கக்கூடும்.

மத்திய அரசு 2017-ல் "சைபர் ஸ்வச்சதா கேந்திரா" என்ற மையத்தைத் தொடங்கியது. வீட்டைச் சுத்தமாக வைப்பது போலக் கம்ப்யூட்டரையும் சுத்தமாக வைக்க உதவுவதே அதன் நோக்கம். சுத்தம் செய்யும் கருவிகளை அது இலவசமாகக் கொடுத்தது.

வருமுன் காப்போம்

• எதையும் முழுவதும் படித்த பிறகே அமுக்க வேண்டும். புரியாவிட்டால் அமுக்கக் கூடாது.
• புரோகிராமைச் செய்த கம்பெனியின் பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும்.
• விண்டோஸ் கேட்கும் அப்டேட்டைத் தள்ளிப் போடக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.
• பென் டிரைவைத் திறக்கும் முன் ஸ்கேன் செய்ய வேண்டும்.
• ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. வங்கி ஊழியர் என்று சொன்னாலும் கூடாது.
• முக்கியமான கணக்குகளுக்கு வேறொரு நகல் வைத்திருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதபோது, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்கள் உண்டு. எழுத்து தெரிந்த பிறகு, எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம். திரையில் "சரி" என்று அமுக்குவதும் ஒரு கையெழுத்துதான். அதையும் படித்துப் பார்த்துவிட்டே போட வேண்டும்.

சிந்திப்போம், பேசுவோம்

1. ஸ்பைவேருக்கும் பாப்-அப்புக்கும் என்ன வேறுபாடு?
2. பெட்டியில் உள்ள எண்ணுக்கு ஏன் பேசக் கூடாது?
3. கெட்டுப்போன கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றினால் என்ன ஆகும்?
4. பணம் திருட்டுப் போனால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்? அந்த எண்ணை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.
5. உங்கள் ஊரில் இப்படி யாராவது ஏமாந்ததுண்டா? எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்? குழுவில் பேசுங்கள்.