இருபத்தெட்டு: கவிழ்த்து வைத்த துருப்பை வைத்து ஆடுவது எப்படி?

போக்கரில் ஒரு வகை உண்டு. நடுவில் சேர்ந்த தொகையை மிக உயர்ந்த கை வைத்திருப்பவரும் மிகத் தாழ்ந்த கை வைத்திருப்பவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். கொச்சிப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் ஆடும் இருபத்தெட்டிலும் பங்கீடு உண்டு, ஆனால் அதற்குப் பணம் வேண்டியதில்லை. சீட்டுக்கட்டுக்குள்ளேயே 28 புள்ளிகள் இருக்கின்றன. இரண்டு அணிகள் அவற்றைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தன் பங்கு எவ்வளவு என்பதைப் பாதிச் சீட்டைப் பார்த்த நிலையிலேயே ஒருவர் துணிந்து சொல்லிவிட வேண்டும். மீதிச் சீட்டு அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். இந்த ஆட்டத்தின் அழகெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் அத்தச்சமயம் ஊர்வலம் போனதும் ஓணத்துக்கான பத்து நாட்கள் தொடங்கிவிடும். உறவினர்கள் வந்து கூடும் அந்த நாட்கள் இதைக் கற்றுக்கொள்ள நல்ல சமயம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 304 ஆடிப் பழகியவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. 304-இல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. அதைப் பத்தால் வகுத்துச் சில்லறையைத் தள்ளிவிட்டால் இருபத்தெட்டின் கணக்கு கிடைக்கும். இரண்டும் ஒரே குடும்பம். ஐரோப்பாவில் யாஸ் என்ற ஆட்டக் குடும்பத்திலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அந்தக் குடும்பம் நெதர்லாந்தில் தோன்றியது என்றும், நம் ஆட்டங்கள் அதிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் சீட்டாட்ட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. மட்டாஞ்சேரியின் டச்சு அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திருப்பூணித்துறைக்குத் திரும்பும் வழியில் இதை நினைத்துப் பார்த்தால் மனம் நிறையும்.

கட்டைத் தயார் செய்தல்

ஒரு கட்டிலிருந்து 2 முதல் 6 வரையான சீட்டுகளை எடுத்துவிடுங்கள். 32 சீட்டு மிஞ்சும். எடுத்து வைத்தவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், கெலிப்புக் கணக்கு வைக்க உதவும்.

ஒவ்வொரு இனத்திலும் சீட்டுகளின் வரிசை மேலிருந்து கீழாக இப்படி: ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ராஜாவைப் பத்து வெட்டிவிடும் என்பது புதியவர்களுக்கு மனத்தில் நிற்காது. முதல் நாள் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கு 28. இதில் நான்கு ஜாக்கிகளும் நான்கு ஒன்பதுகளும் சேர்ந்தே 20 புள்ளி. 32 சீட்டில் 8 சீட்டு எங்கே போகிறது என்பதைக் கவனித்தாலே ஆட்டத்தின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

உட்கார்வதும் சீட்டுப் போடுவதும்

நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இருவர் ஓரணி. எல்லாம் வலப்பக்கமாகச் சுற்றும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். சீட்டுப் போடுபவர் கலைத்து, இடப்பக்கத்தவரிடம் வெட்டக் கொடுத்து, தன் வலப்பக்கத்தவரில் தொடங்கி ஆளுக்கு நான்கு சீட்டு போடுவார். இந்த நான்கோடு நிறுத்தி ஏலம் நடக்க வேண்டும். மீதி 16 சீட்டு அவர் கையிலேயே இருக்கட்டும்.

ஏலம்

போட்டவரின் வலப்பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பார். அவருக்கு ஒதுங்க உரிமை இல்லை. குறைந்தது 14 கேட்டாக வேண்டும். மற்றவர்கள் கூட்டிக் கேட்கலாம், அல்லது ‘பாஸ்’ சொல்லலாம். சொந்தக் கூட்டாளியின் கேள்விக்கு மேலே ஏற்றிக் கேட்பதென்றால் 20-க்குக் குறையக் கூடாது என்று பல மேசைகளில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கூட்டாளிகளும் ஒருவரை ஒருவர் மேலே தள்ளிக்கொண்டு கவிழ்ந்துபோவார்கள். அடுத்தடுத்து மூவர் ஒதுங்கினால் ஏலம் முடிந்தது.

எவ்வளவு கேட்கலாம்? எட்டுப் பிடிகளில் 28 புள்ளி, ஆகவே ஒரு பிடிக்குச் சராசரி மூன்றரை. (ஒரு சுற்றில் மேசையில் விழும் நான்கு சீட்டும் சேர்ந்தது ஒரு பிடி.) 14 என்றால் நான்கு பிடி, 18 என்றால் ஐந்து. ஒரே இனத்தில் ஜாக்கியும் இன்னும் இரண்டு சீட்டும் இருந்தால் 15, 16 வரை தாராளமாகப் போகலாம். ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து மூன்று சீட்டு இருந்தால் 17, 18. நான்கு சீட்டும் நான்கு இனமாக இருந்தால் எவ்வளவு புள்ளி கையில் இருந்தாலும் ஒதுங்கிக்கொள்வதே நல்லது. துருப்பின் பலம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கூட்டாளி இரண்டு பிடி கொண்டுவருவார் என்று நம்பிக் கேட்கலாம். மூன்று கொண்டுவருவார் என்று நம்புவது பேராசை.

துருப்பைக் கவிழ்த்தல்

ஏலம் எடுத்தவர் தன் நான்கு சீட்டுக்குள் ஓர் இனத்தைத் துருப்பாக மனத்துக்குள் முடிவு செய்து, அந்த இனத்துச் சீட்டு ஒன்றை யாரிடமும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். கூட்டாளிக்கும் அது தெரியக் கூடாது. எந்தச் சீட்டைக் கவிழ்ப்பது? அந்த இனத்தின் சின்னச் சீட்டை. கவிழ்த்த சீட்டு திறக்கும்வரை பூட்டியது மாதிரிதான். ஜாக்கியைப் பூட்டிவைத்துவிட்டு ஏழோடு போராடுவதில் பயனில்லை. பிறகு மீதி நான்கு நான்கு சீட்டு எல்லோருக்கும் வரும்.

ஆட்டம்

போட்டவரின் வலப்பக்கத்தவர் முதல் சீட்டை இறக்குவார். இறங்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். அந்த இனத்தில் உயர்ந்த சீட்டு வைத்தவருக்குப் பிடி. பிடி எடுத்தவர் அடுத்ததை இறக்குவார். துருப்பு திறக்கும்வரை, மற்ற இனங்களை வெட்டும் சக்தி அதற்குக் கிடையாது. ஏலம் எடுத்தவரும் அதுவரை, வேறு சீட்டு இருக்கும்போது, துருப்பு இனத்தைத் தானாக இறக்கக் கூடாது.

இறங்கிய இனம் உங்களிடம் இல்லையென்றால் இரண்டு வழி. வேறு ஏதாவது சீட்டை வீசிவிட்டு விட்டுக்கொடுக்கலாம். அல்லது துருப்பைத் திறக்கச் சொல்லலாம். திறக்கச் சொன்னால், துருப்புச் சீட்டு கையில் இருக்கும் பட்சத்தில் அந்தப் பிடியிலேயே அதைப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் எதையும் போடலாம். ஏலம் எடுத்தவருக்கே இனம் இல்லாமல் போனால் கவிழ்த்ததைத் தானே திறந்து வெட்டலாம். மற்றவர் கேட்டுத் திறந்தால் கவிழ்த்த சீட்டு ஏலம் எடுத்தவர் கைக்கே திரும்பும். அதே பிடியில் திறக்கும் முன் விழுந்த துருப்பு இனச் சீட்டு வெட்டாகுமா என்பது மேசைக்கு மேசை மாறும். தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதிரணியில் இருந்தால் திறக்கச் சொல்ல அவசரப்படாதீர்கள். மேசையில் புள்ளியே இல்லாத பிடிக்காகத் துருப்பைத் திறந்துவிட்டால் ஏலம் எடுத்தவர் கையில் அதன் முழு பலத்தையும் நீங்களே கொடுத்ததாகும். நான்கைந்து புள்ளி கிடக்கும்போது கேளுங்கள், தயங்காதீர்கள்.

ஒரு கையை ஆடிப் பார்ப்போம். சீட்டுப் போட்டவர் உங்கள் இடப்பக்கத்தவர், ஆகவே முதல் கேள்வி உங்களுடையது. வந்தவை: இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, ஆர்ட்டின் ஏஸ். 16 கேட்கிறீர்கள். வலப்பக்கத்தவரும் கூட்டாளியும் ஒதுங்க, இடப்பக்கத்தவர் 17 கேட்கிறார். நீங்கள் 18. எல்லோரும் பாஸ். இஸ்பேட் ஏழைக் கவிழ்க்கிறீர்கள். அடுத்த நான்கு: டைமன் ஜாக்கி, டைமன் எட்டு, கிளாவர் ராணி, ஆர்ட்டின் ஏழு.

முதலில் டைமன் ஜாக்கி. வலப்பக்கத்தவர் ஏழு போட, ஜாக்கிதான் மேல்சீட்டு என்று அறிந்த கூட்டாளி பத்தைச் சேர்க்கிறார், இடப்பக்கத்தவர் ராஜா. 4 புள்ளி. இப்போது ஒற்றையாக இருக்கும் கிளாவர் ராணியை இறக்கிக் கையைக் காலி செய்யுங்கள். வலப்பக்கத்தவர் ஜாக்கியால் பிடிக்கிறார், இடப்பக்கத்தவர் ஏஸ் சேர்க்கிறார், அவர்களுக்கு 4 போகட்டும். உற்சாகத்தில் வலப்பக்கத்தவர் கிளாவர் ஒன்பதை இறக்குகிறார், கூட்டாளி ராஜா, இடப்பக்கத்தவர் பத்து. உங்களிடம் கிளாவர் இல்லை. கவிழ்த்த ஏழைத் திறந்து வெட்டுங்கள், 3 புள்ளி. உடனே இஸ்பேட் ஜாக்கி, அடுத்து ஒன்பது. வெளியே இருந்த ஐந்து இஸ்பேடும் இந்த இரண்டு சுற்றில் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த இனத்தின் 7 புள்ளியும் உங்களுக்கே.

மொத்தம் 14. இன்னும் 4 வேண்டும். மிச்சம் இருப்பது எவை? ஆர்ட்டினின் 7 புள்ளி முழுதாக, டைமனில் ஒன்பதும் ஏஸும். உங்கள் கையில் ஆர்ட்டின் ஏஸ், ஏழு, டைமன் எட்டு. எதை இறக்குவது? இடப்பக்கத்தவர் 17 வரை கேட்டதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் காட்டிய கிளாவரும் டைமனும் அவ்வளவு துணிச்சலுக்குப் போதாது. அவர் பலம் ஆர்ட்டினில்தான் இருக்க வேண்டும். ஆகவே டைமன் எட்டு. ஒன்பது கூட்டாளியிடம் இருந்து, ஏஸும் அதில் விழுந்தால் 17 ஆகும். கடைசி ஒரு புள்ளிக்கு உங்கள் ஆர்ட்டின் ஏஸ் காத்திருக்கிறது. ஏலத்தில் ஒவ்வொருவரும் சொன்னதைக் கடைசிப் பிடி வரை மறக்காமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

கணக்கு

கேட்டதை எடுத்துவிட்டால் ஏல அணிக்குக் கெலிப்பு. எதிரணி மனத்தில் வைக்க வேண்டிய எண் வேறு. 18 கேட்டிருந்தால் அவர்கள் 11 எடுத்தால் போதும், ஏலம் தோற்றது. தொடக்கத்தில் ஒவ்வோர் அணிக்கும், ஒதுக்கி வைத்த சீட்டுகளிலிருந்து ஆறு. 20-க்குக் கீழே கேட்டு வென்றால் எதிரணியிடமிருந்து ஒன்று, தோற்றால் கொடுப்பது இரண்டு. 20 முதல் 24 வரை வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. அதற்கு மேல் மூன்றும் நான்கும். புதியவர்களுக்கு இந்த விகிதம் பொருந்தும்.

ஆறும் போன அணிக்குக் குணுக்கு. தோற்றவர்கள் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொண்டுதான் அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். ஓர் இலையோ காகிதத் துண்டோ போதும். பெரியவர்களும் மறுக்காமல் மாட்டிக்கொள்வார்கள், வென்ற பிறகுதான் கழற்றுவார்கள். கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களைத் தன் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் பணம் வைக்காதீர்கள். பணம் வந்தால் குணுக்கின் சிரிப்பு போய்விடும், கூட்டாளிமேல் கோபம் வரும்.

பேச்சு, கண்ஜாடை, இருமல் எதுவும் கூடாது. கூட்டாளிக்குச் சொல்ல வேண்டியதை ஏலத்தின் எண்ணாலும் இறக்கும் சீட்டாலும் மட்டும் சொல்லுங்கள்.

இதில் கை பழகியதும் ஐம்பத்தாறுக்குப் போகலாம். இரண்டு கட்டுகளிலிருந்து எட்டும் அதற்குக் கீழும் நீக்கி 48 சீட்டு, ஆறு பேர், மும்மூன்று பேராக இரண்டு அணி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. புள்ளிக் கணக்கும் வரிசையும் இதேதான். துருப்பை மட்டும் மறைக்க மாட்டார்கள். ஏலத்திலேயே இனத்தைச் சொல்லிக் கேட்பதால், அங்கே முதலில் கற்க வேண்டியது ஏல மொழி.