உங்கள் கடையின் பெயரில் கடிதம் எழுதுவது யார்?

கடையின் லெட்டர் ஹெட்டையும் இறப்பர் முத்திரையையும் மேசை லாச்சியில் பூட்டிவிட்டுத்தான் நாம் பகல் சாப்பாட்டுக்கு எழும்புகிறோம். ஆனால் அதே கடையின் பெயரில் போகும் மின்னஞ்சலுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டால் அநேகமானோரிடம் பதில் இல்லை.

கண்டி, அக்குறணை, மடவளை, கம்பளைப் பகுதிகளில் மிளகு, கராம்பு, சாதிக்காய் ஏற்றுமதி செய்வோரும், துணி, ஹாட்வெயார் சாமான் இறக்குமதி செய்வோரும் இன்று இன்வொய்ஸையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை பணத்தைப் புதிய கணக்குக்கு டீ.டீ. அனுப்பவும்" என்று உங்கள் பெயரில் யாரோ ஒருவன் உங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஒரு கொள்கலனின் பணமும் போய்விடும், பல வருடத்து நம்பிக்கையும் போய்விடும்.

"நாங்கள் சிறிய ஆட்கள், எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களே தப்பவில்லை. 2013 முதல் 2015 வரை லித்துவேனியா நாட்டு ஆசாமி ஒருவர், தாய்வானின் குவாண்டா நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதங்களும் இன்வொய்ஸ்களும் அனுப்பி, கூகுள், பேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்து 10 கோடி டொலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்கு 5 வருடச் சிறை விதித்தது. இவ்வகை வியாபார மின்னஞ்சல் மோசடியால் 2023இல் மட்டும் சுமார் 290 கோடி டொலர் இழப்பு முறையிடப்பட்டதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்குக் காட்டியது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

தபால் உறையின் பின்புறத்தில் அனுப்புபவர் பெயரை யாரும் எப்படியும் எழுதலாம்; தபாற்காரர் விசாரிப்பதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான். அதன் அடிப்படை விதிகள் 1982இல் எழுதப்பட்டபோது அனுப்புபவரைச் சோதிக்கும் ஏற்பாடு வைக்கப்படவில்லை. பின்னர் மூன்று பூட்டுகள் வந்தன.

முதலாவது எஸ்.பி.எஃப். எமது பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சேர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் இது. இரண்டாவது டி.கே.ஐ.எம். இது ஒவ்வொரு கடிதத்திலும் சேர்வர் இடும் இரகசிய முத்திரை. மூன்றாவது டிமார்க். முதலிரண்டில் ஒன்றாவது தேறி, அது வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு பொருந்த வேண்டும் என்பதும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதும் இதில் சொல்லப்படும். இது 2012இல் அறிவிக்கப்பட்டது. 2024 பெப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000க்கு மேல் கடிதம் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என ஜிமெயில் கட்டாயமாக்கியது. மற்றவர்களுக்கும் முதலிரண்டில் ஒன்று வேண்டும்.

இவை சொந்த டொமேன் உள்ளவர்களுக்கே உரியவை. டொட் எல்கே என்றாலும் டொட் கொம் என்றாலும் சரி. ஜிமெயில் முகவரியில் வியாபாரம் செய்பவர்கள் முதலில் சொந்தப் பெயரொன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

தினமும் வரும் கணக்கு

டிமார்க்கின் பெரிய பயன் அறிக்கைகள்தான். உங்கள் பெயரில் வந்த கடிதங்கள் எத்தனை, எந்த இணைய எண்ணிலிருந்து வந்தன, சோதனையில் தேறினவா என்று கூகுள் போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை எழுதி அனுப்பும். கடிதத்தில் எழுதியிருந்த விடயம் அதில் இராது. ஆனால் அவை சுருக்கிக் கட்டிய கணனிக் கோப்புகளாக வருவதால் நம் கண்ணால் வாசிக்க முடியாது. அதற்குத்தான் அறிக்கைகளைப் பிரித்துப் பட்டியலாக்கும் கருவி தேவை. 'பார்ஸ்டிமார்க்' என்பது அப்படியான இலவச மென்பொருள். உங்கள் கணனித் தம்பியிடம் இந்த ஒழுங்கில் செய்யச் சொல்லுங்கள்.

1. அறிக்கைகளுக்கென்று சொந்த டொமேனிலேயே தனி மின்னஞ்சல் பெட்டி ஒன்று திறக்கவும். வேறு டொமேனுக்கு அனுப்புவதானால் அந்த டொமேனும் சம்மதப் பதிவு இட வேண்டும்.

2. டொமேனின் டி.என்.எஸ். பதிவேட்டில் டிமார்க் வரியை இட்டு, கட்டளையை 'நன்' என்று வைத்து, அந்தப் பெட்டியின் முகவரியைக் கொடுக்கவும். 'நன்' என்றால் எதையும் தடுக்காதே, கணக்கு மட்டும் கொடு என்று பொருள்.

3. லினக்ஸ் சேர்வர் ஒன்றில், பைதன் மொழிக்கான தனி அறை ஒதுக்கி, அதனுள் கருவியை நிறுவவும்.

4. அமைப்புக் கோப்பில் பெட்டியின் சேர்வர், பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எழுதவும். அந்தக் கோப்பை வேறு எவரும் திறக்க முடியாதவாறு பூட்டவும்.

5. முதலில் சோதனை முறையில் ஓட்டிப் பார்க்கவும். பெட்டியிலுள்ள கடிதங்களை இடம் மாற்றாமல் வாசித்துக் காட்டும். சரியென்றால், சேர்வர் நின்று எழும்பினாலும் தானாக ஓடும் சேவையாக வைக்கவும்.

சிறிய கடைக்கு, எக்செல்லில் திறக்கக்கூடிய பட்டியலாக எடுத்தாலே போதும். வரைபடங்களோடு பார்க்க இலாஸ்டிக்சேர்ச், கிராஃபானா போன்றவற்றையும் இணைக்கலாம். அதற்குச் சேர்வரின் நினைவகம் கூடுதலாக வேண்டும்.

பட்டியலை வாசிப்பது எப்படி?

வரிகளை மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் சேர்வரிலிருந்து போய்த் தேறியவை ஒன்று. உங்களுடையவையாக இருந்தும் தேறாதவை இரண்டு. பில் போடும் மென்பொருள், இணையத்தளப் படிவம், விளம்பரக் கடிதம் அனுப்பும் சேவை ஆகியவை பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். நீங்கள் அறியாத இடங்களிலிருந்து உங்கள் பெயரில் போனவை மூன்று.

மூன்றாவதைப் பார்த்துப் பதறி உடனே கதவைச் சாத்தக்கூடாது. சாத்தினால் உங்கள் சொந்த இன்வொய்ஸே திரும்பிவிடும். முதலில் இரண்டாவதைச் சரிசெய்யுங்கள். ஒரு டொமேனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றே இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் தன் கடிதங்களை வேறு பெட்டிக்குத் திருப்பி வைத்திருந்தால் எஸ்.பி.எஃப். தவறும், டி.கே.ஐ.எம். முத்திரை இருந்தால் அது காப்பாற்றும். நாலைந்து வாரம் பார்த்து, எல்லாம் தேறிய பின் கட்டளையைச் சந்தேகக் கடிதத்தை ஒதுக்கும் 'குவாரன்டீன்' என்றும், அதன்பின் முற்றாகத் திருப்பும் 'ரிஜெக்ட்' என்றும் மாற்றுங்கள்.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஓர் எழுத்தை மாற்றி உங்கள் பெயர்போலவே வேறு டொமேன் வாங்குபவனையும், உங்கள் கடவுச்சொல்லைத் திருடி உங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்து எழுதுபவனையும் டிமார்க் தடுக்காது. ஆகவே, வங்கிக் கணக்கு மாற்றம் பற்றிக் கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, ஏற்கனவே உங்களிடம் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்டபின்தான் பணம் அனுப்ப வேண்டும். இதை வாடிக்கையாளருக்கும் இன்வொய்ஸின் அடியிலேயே எழுதிவிடுங்கள். மோசடி நடந்துவிட்டால் உடனே வங்கிக்கும், பிறகு பொலிசுக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கும் அறிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் நாட்டில் உண்டு.

மாலையில் கல்லாக் கணக்குப் பார்க்காமல் எந்த வியாபாரியும் கடை அடைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், உங்கள் பெயரில் யார் யார் எழுதினார்கள் என்ற இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.