பழைய ரேடியோவும் புதிய கித்தாரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் அண்மையிலுள்ள எம் மம்சாபுரம் போன்ற ஊர்களில், பாட்டனார் காலத்து வால்வு ரேடியோப் பெட்டிகள் சில இன்னும் பரண்மேற் கிடக்கின்றன. 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தோன்றிய பின், தென்னாட்டார் செவிக்கு விருந்தளித்தவை இத்தகைய பெட்டிகளே. இன்று அவை பழைய இரும்பின் விலைக்குப் போகின்றன. மற்றொரு புறம், மின்கித்தார் பயிலும் இளைஞர் ஒலிபெருக்கி வாங்கப் பொருளின்றி வருந்துகின்றனர். முன்னதைக் கொண்டு பின்னவர் குறையைத் தீர்க்கலாமோ எனின், தீர்க்கலாம். ஆயின் எல்லாப் பெட்டிகளும் இதற்கு உரியன அல்ல. உரியதல்லாததைக் கையாள்வார் உயிரையே இழத்தல் கூடும். ஆதலின் பெட்டிகளின் வேறுபாட்டை அறிதலே இப்பாடத்தின் உயிர்நிலை என்க.

ரேடியோவுக்கும் கித்தாருக்கும் உள்ள உறவு புதியதன்று. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், புல்லர்ட்டன் என்னும் ஊரில், 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்த லியோ பெண்டர் என்பாரே பின்னாளில் கித்தாரும் அதன் ஒலிபெருக்கியும் செய்து உலகப்புகழ் பெற்றார். அவர் நிறுவனத்தின் 'சாம்ப்' என்னும் சிறு ஒலிபெருக்கியில், 1950களின் பிற்பகுதியில், மூன்றே வால்வுகள் இருந்தன: ஒலியைப் படிப்படியாக வளர்ப்பது ஒன்று, ஸ்பீக்கரை இயக்குவது ஒன்று, மின்சாரத்தை ஒருமுகமாக்குவது ஒன்று. இவற்றை ஒத்த உறுப்புக்கள் வால்வு ரேடியோவின் பிற்பாதியில் முன்னரே அமைந்துள்ளன.

வால்வு தொழிற்படும் முறையைக் கண்மாய் மடையைக் கொண்டு உணரலாம். மடைப்பலகையை ஒருவன் சிறிதே ஏற்றி இறக்கப் பெருவெள்ளம் கூடியும் குறைந்தும் பாய்கின்றது. அவன் கை வலிமை வெள்ளத்தை உண்டாக்கவில்லை, அதனை ஆள்கின்றது. அவ்வாறே, வால்வினுள் சூடேறிய கேதோடிலிருந்து ஆனோடுக்குப் பாயும் மின்னோட்டத்தை இடையிலுள்ள கிரிட் என்னும் கம்பிவலை ஆள்கின்றது. கித்தார் நரம்பின் அதிர்வால் காந்தச் சுருளில் எழும் சிறு மின்னழுத்தமே இவ்வலையை இயக்கும் கை.

ரேடியோவின் பின்புறத்தில் கிராமபோனுக்கென அமைந்த துளையில் கித்தாரை நேரே செருகினால் ஒலி மெலிந்தே எழும். அத்துளை கித்தாரினும் வலிய கிராமபோன் முள்ளின் மின்னழுத்தத்திற்கென அமைந்தது. ஆதலின் முன்னே மற்றுமொரு படி வேண்டும்.

இனிப் பெட்டியைத் தேர்தல். பழைய மின்நிலையங்கள் சில டி.ஸி. வழங்கியமையால், ஏ.ஸி., டி.ஸி. இரண்டிலும் பாடும் பெட்டிகளும் செய்யப்பட்டன. அவற்றில் மின்டிரான்ஸ்பார்மர் இல்லை. சேஸி என்னும் உலோகத்தட்டு நேரே மின்கம்பியோடு இணைந்திருக்கும். கித்தாரின் நரம்புகளோ சேஸியோடு இணைவன. அந்நரம்பைத் தொடுதல் 230 வோல்ட்டைத் தொடுதலேயாகும்! வால்வின் பெயர் 'யூ' என்னும் எழுத்தில் தொடங்கின் அப்பெட்டியை விலக்குக. ஸ்பீக்கருக்குரிய சிறு டிரான்ஸ்பார்மரைக் கண்டு மயங்கற்க. இரு சுருள்களும் ஒன்றாயமைந்த ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் காப்பளிக்காது. பிளக்கைக் கழற்றி, சுவிட்சை மட்டும் போட்டு, பிளக்கின் முனைகளுக்கும் சேஸிக்கும் தொடர்பில்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்த பின்னரே மேற்செல்க.

ஈ.ஸி.எச். 81, ஈ.எப். 89, ஈ.ஏ.பி.ஸி. 80, ஈ.எல். 84 என்னும் வால்வுகளும் தனி டிரான்ஸ்பார்மரும் உடைய பெட்டி மிகப் பொருந்துவது. நன்கு பாடும் பெட்டியைச் சிதைத்தல் தகாது. நிலையம் பிடிக்கும் பகுதி கெட்டதையே கொள்க. அப்பகுதிக்குரிய முதலிரு வால்வுகளையும் நீக்குக. ஈ.ஸி.எச். 81 இருந்த ஒன்பது கால் சாக்கெட்டின் பழைய இணைப்புக்களை அகற்றி, ஈ.ஸி.ஸி. 83க்கு உரியவாறு புதிதாக இணைத்திடுக. அதன் ஒரு பாதியே நமக்குப் போதும். கிரிட்டிலிருந்து சேஸிக்கு 10 லட்சம் ஓம், கித்தாருக்கும் கிரிட்டுக்கும் இடையே 68,000 ஓம், ஆனோடுக்கு 1,00,000 ஓம், கேதோடுக்கு 1,500 ஓமும் அதற்கு இணையாக 25 மைக்ரோபாரட் கண்டென்ஸரும் அமைக்க. இப்படி ஏறத்தாழ 50 மடங்கு பெருக்கும். ஆனோடிலிருந்து 0.022 மைக்ரோபாரட் கண்டென்ஸர் வழியாக வால்யூம் கண்ட்ரோலை அடைந்த ஒலி, ஈ.ஏ.பி.ஸி. 80, ஈ.எல். 84 ஆகியவற்றைக் கடந்து ஸ்பீக்கரைச் சேரும். ரேடியோப் பகுதியிலிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்கு வந்த பழைய கம்பியை நீக்க மறவற்க.

பெட்டிக்கு மின்சாரம் தருமுன் பழைய கண்டென்ஸர்களை மாற்றுதல் இன்றியமையாதது. சிறப்பாக, ஈ.எல். 84இன் கிரிட்டுக்கு முன்னுள்ளது கசியின், வால்வு செஞ்சூடேறி டிரான்ஸ்பார்மரும் கருகும். மூன்று முனைப் பிளக்கிட்டு, சேஸியை எர்த்தோடு உறுதியாக இணைத்து, பியூஸும் இடுக. முதன்முறை 60 வாட் இழைவிளக்கைத் தொடரில் இணைத்துச் சோதிக்க. விளக்கு ஒருகணம் ஒளிர்ந்து மங்கின் நலம், முழு ஒளியோடே நிலைப்பின் எங்கோ பழுதுண்டு. சுவிட்சை அணைத்த பின்னும் வடிகட்டும் கண்டென்ஸர்கள் 250 வோல்ட்டுக்கு மேலும் தாங்கி நிற்கலாம். தக்க ரெஸிஸ்டன்ஸ் வழியாக அதனைப் போக்கி, மீட்டர் சுழியைக் காட்டிய பின்னரே உள்ளே கையிடுக. இவ்வேலையைத் தேர்ந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் அருகிருக்கவே செய்தல் மாணவர் கடமை.

கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 5 வாட். அறைக்கும் சிறு கூட்டத்திற்கும் போதும், திருவிழாத் திடலுக்குப் போதாது. மெல்ல மீட்டினால் ஒலி தெளிந்து நிற்கும். அழுத்தி மீட்டினால் வால்வு தன் எல்லையை எட்டி அலையின் உச்சிகளை மழுக்க, புதிய மேற்சுரங்கள் கலந்து ஒலி கரகரத்துச் செறியும். ரேடியோவில் குறையெனக் கருதப்பட்ட இதுவே கித்தார்க் கலைஞர் விரும்பும் அழகாயிற்று.

இத்தகைய பெட்டிகளின் நுட்பம் அறிந்த முதிய மெக்கானிக்குகள் நம் சிற்றூர்களில் அருகி வருகின்றனர். பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் அவர்களிடம் கொண்டு செல்க. பெட்டி பிழைப்பதோடு, அவர்தம் கைத்திறனும் ஒரு மாணாக்கனைப் பெறும்.