சீன மாணாக்கரின் ஆங்கிலப் பரீட்சையும் நமது பயிற்சியும்

பிறமொழியொன்றைக் கற்றல் வேறு. கற்றமையைப் பரீட்சை மண்டபத்தில் மெய்ப்பித்தல் வேறு. முன்னதற்கு ஆண்டுகள் பல உள. பின்னதற்கு இரண்டரை மணி நேரமே உளது. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து முறையாக உழைப்போர் சீனதேசத்து மாணாக்கர் ஆவர். அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாகப் பயில்வோர் இரண்டாம் ஆண்டில் நான்காம் படித் தேர்வும், நான்காம் ஆண்டில் எட்டாம் படித் தேர்வும் எழுதுகின்றனர். 'டெம்' என்னும் குறியீட்டால் வழங்கும் இத்தேர்வுகளுள் எட்டாம் படியே மிகக் கடினமானதென அந்நாட்டார் கருதுவர்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் சீனர் எழுதும் ஆங்கிலப் பரீட்சையை ஆராயப் புகுந்தமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். காரணம் தொலைவில் இல்லை. திருவள்ளூரிலிருந்தும், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி முதலிய ஊர்களிலிருந்தும் நாள்தோறும் மின்தொடர் வண்டியில் ஏறிக் கல்லூரிக்கு வருவோர் பலர். அவருள் தமிழ் வழியிற் பள்ளிப் படிப்பை முடித்தோர் தொகை சிறிதன்று. செவிலியர் கல்வியோ பொறியியலோ பயின்று அயல்நாடு செல்ல விரும்புவோர் 'ஐயெல்ட்ஸ்' என்னும் தேர்வையேனும், மருத்துவத் துறையினர்க்குரிய 'ஓ.இ.டி.' என்னும் தேர்வையேனும் எழுதவேண்டியவராகின்றனர். ஐயெல்ட்ஸ் தேர்வுக்குக் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேற்பட்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத்துக்கு உழைக்கும் தந்தையொருவரின் ஒரு திங்கள் வருவாயை அஃது விழுங்கிவிடக் கூடும். எனவே, 'தவறினால் மறுமுறை பார்த்துக்கொள்வோம்' என்று எளிதிற் சொல்லும் நிலை இவர்க்கில்லை. இந்நிலையில், 'தமிழ் வழியிற் கற்றவன் ஆங்கிலத்தில் தேறான். தமிழை மறந்தாலன்றி ஆங்கிலம் வாராது' என்று கூறுவாரும் உளர். இக்கூற்று மெய்தானா என்று பார்ப்பதற்குச் சீனர் தேர்வு நல்லதோர் உரைகல்லாகும். ஆங்கிலம் நம் மொழிக்குத் தொலைவாயிருப்பதினும் சீனமொழிக்கு மிகத் தொலைவாயிருப்பதாகலின் என்க.

2016-ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தின்படி, எட்டாம் படித் தேர்வு ஐந்து பகுதிகளை உடையதாயிற்று. கேட்டலுக்கு 25 நிமிடம், படித்தலுக்கு 45, பிழை திருத்தத்துக்கு 10, சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க 20, கட்டுரைக்கு 45. ஆக 145 நிமிடம். நூற்றுக்கு அறுபது பெற்றால் தேர்ச்சி. எண்பது பெற்றால் மிகச் சிறந்த தேர்ச்சி. இவற்றுள் பிழை திருத்தமும் மொழிபெயர்ப்பும் ஐயெல்ட்ஸ் தேர்வில் தனிப் பகுதிகளாக இல்லை. ஆயினும், நமக்குப் பெரிதும் பயன்படத்தக்கவை அவ்விரண்டுமே என்பது எம் கருத்து. ஆதலின் அவற்றைப் பற்றியே மிகுதியும் எழுதுகின்றோம்.

பிழை திருத்தப் பகுதியில் ஏறக்குறைய இருநூற்றைம்பது சொற்கொண்ட ஓர் உரைப்பகுதி தரப்படும். அதில் பத்து வரிகள் குறிக்கப்பட்டிருக்கும். குறித்த வரியொவ்வொன்றிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கும். அதனை நீக்கலாம், மாற்றலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம். பத்து நிமிடத்தில் பத்துப் பிழை. சீன மாணாக்கர் இதற்கெனத் தத்தம் தாய்மொழி எங்கெங்கே தம்மை வழி தவறச் செய்கின்றது என்று ஆராய்ந்து வைத்துக்கொள்கின்றனர். சீனத்தில் வினைச்சொல் காலங்காட்டும் விகுதி ஏற்பதில்லை. பெயர்ச்சொல் பெரும்பாலும் பன்மை விகுதி பெறுவதில்லை. அவன், அவள் என்னும் இரண்டும் பேச்சில் 'தா' என்னும் ஓரொலியே. 'ஆயினும்' என்று தொடங்கி 'ஆனால்' என்று தொடர்வது அவர்க்கு இயல்பாகலின், ஆங்கிலத்தும் 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே 'பட்' என்பதனை இட்டுவிடுவர். விளக்கை ஏற்றுதலைத் 'திற' என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குவராதலின், 'ஓப்பன் தி லைட்' என்பர். நாமோ 'விளக்கைப் போடு' என்பேம்; ஆதலின் நம்மவர் 'புட் தி லைட்' என்பர். பிழை வேறு; பிழை பிறக்கும் இடம் ஒன்றே.

நம் பிழைகளையும் இவ்வாறே மூலங்கண்டு பிடித்தல் வேண்டும். 'பத்துத் தேங்காய் வாங்கினேன்' என்பது தமிழில் வழுவன்று. 'தேங்காய்' என்னும் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும். நன்னூலார் இத்தகையவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். இவ்விதியை அறிந்த மாணவன், ஆங்கிலத்திற் பன்மை விகுதி தன் கையினின்றும் நழுவுவது ஏனென்று உடனே அறிவான். அறியாதவன் பத்துமுறை திருத்தப்பட்டும் பதினோராம் முறை விட்டுவிடுவான். இவ்வாறே, 'நாளை வருவேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' என்னும் இடைச்சொல் சொன்னவனுடைய சொற்களை அப்படியே காத்துவைக்கின்றது. தன்மை தன்மையாகவே, எதிர்காலம் எதிர்காலமாகவே நிற்கும். ஆங்கிலமோ பிறர்கூற்றாக மாற்றுங்கால் இடத்தையும் மாற்றும், காலத்தையும் பின்னுக்குத் தள்ளும். 'வில்' என்பது 'வுட்' ஆகவேண்டிய இடத்தில் நம்மவர் தடுமாறுவது இதனாலேயே. தேற்றப் பொருளில் வரும் 'தான்' என்பது மற்றொரு பொறி. 'அவன்தான் செய்தான்' என்பதனை 'ஹீ ஒன்லி டிட்' என்று எழுதினால், ஆங்கிலேயர் 'அவன் ஒருவன் மட்டுமே செய்தான்' என்றோ, 'செய்ததன்றி வேறொன்றுங் குற்றமில்லை' என்றோ கொள்வர். நாம் கருதிய அழுத்தம் அவர்க்கு எட்டாது.

ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்தி வகுத்து, இடப்பக்கத்தே நாம் செய்த பிழையையும் வலப்பக்கத்தே அதனை விளைத்த தமிழ் வழக்கையும் எழுதி வருக. திருத்தத்தை மட்டும் எழுதுதல் போதாது. காரணத்தையும் எழுதுதல் வேண்டும். இரண்டு திங்களில் ஏடு நிரம்பிவிடும் என்று அஞ்சவேண்டா. பிழைகள் நூறு போலத் தோன்றினும் அவற்றின் வேர்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேற் போதல் அரிது.

பரீட்சை எக்காலத்தும் ஆங்கிலத்துக்கே நடந்தது என்று எண்ணுவார்க்கு ஒரு செய்தி. 1812-ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவப்பெற்ற செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், கும்பினி உத்தியோகத்துக்கு வந்த ஆங்கில இளைஞர்கள் தமிழும் தெலுங்கும் பிறவும் கற்றுப் பரீட்சை கொடுக்கவேண்டியவராயிருந்தனர். எல்லிஸ் துரை அதன் அமைப்புக்குக் காரணராயிருந்தார். தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் ஆங்குத் தமிழாசிரியராய் விளங்கினர். முதலியாரவர்கள் பஞ்சதந்திரக் கதையை வசனநடையில் எழுதியதும் அக்கல்லூரிச் சூழலிலேயே. வசன நூல் அரிதாயிருந்த அக்காலத்தே, அயலார் தமிழ் கற்றற்பொருட்டு எழுந்த நூல்களால் நம் உரைநடையும் வளர்ந்தது நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடும் வருவித்து, அப்பிள்ளைகளோடு மணலில் எழுத்தெழுதிக் கற்றார். பின்னர்ச் சுவடிகளைப் படித்துச் சொற்களைத் தொகுத்து வைத்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவெய்தியது. 1807-இற் சீனம் புகுந்த மாரிசன் ஐயரும் இவ்வாறே உழைத்துச் சீன அகராதி ஒன்றைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். இவர்களுள் ஒருவரும் தம் தாய்மொழியை மறந்து பிறமொழி கற்றாரல்லர்.

இனி மொழிபெயர்ப்பு. எட்டாம் படித் தேர்வில் நூற்றைம்பது எழுத்தளவுள்ள சீனப் பகுதி ஒன்றை இருபது நிமிடத்தில் ஆங்கிலமாக்க வேண்டும். அளவு சிறிதாயினும் அது நுட்பமான பகுதி. நாம் தமிழை வைத்துக்கொண்டு இப்பயிற்சியைச் செய்யலாம். கீழ்வரும் வாக்கியத்தைப் பார்க்க:

'இரவுப் பணி முடிந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து விடியற்காலையிற் புறப்படும் வண்டியில் ஏறிக் கவரைப்பேட்டையில் இறங்கும் தொழிலாளியொருவருடைய மகள் இவ்வாண்டு பல்கலைக் கழகத்திற் முதற்பரிசு பெற்றாள்.'

தமிழர்க்கு இஃது இடர்ப்பாடில்லாத வாக்கியம். ஆங்கிலத்தில் இவ்வடைவிலேயே எழுதப் புகுந்தால், இரவுப் பணியை முடித்தது மகளா, தொழிலாளியா, வண்டியா என்று படிப்போர் மயங்குவர். முதற்கண் முற்றுவினையைத் தேடுக. 'பெற்றாள்' என்பது கிடைக்கும். அடுத்து எழுவாய், அது 'மகள்'. ஆங்கில வாக்கியத்தின் தலையில் இவ்விரண்டும் நிற்கும். பின்னர் 'இறங்கும்' என்னும் பெயரெச்சம் 'தொழிலாளி' என்னும் பெயருக்குப் பின்னே 'ஹூ' என்பதனைக் கொண்டு செல்லும். தமிழில் முன்னே நின்று தாங்கியது ஆங்கிலத்திற் பின்னே நின்று தொங்கும். 'முடிந்து' என்பதே கடைசிச் சிக்கல். முடிந்தது பணி, ஏறியது தொழிலாளி. வினைமுதல் வேறாகலின், 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதுபோல இஃதும் எச்சத்திரிபு. தமிழ் இதனை ஏற்கும், ஆங்கிலம் ஏலாது. ஆங்கு, 'பணி முடிந்த பின்' என்று விரித்தோ, தொழிலாளியை வினைமுதலாக்கிப் 'பணியை முடித்து' என்று மாற்றியோ எழுதவேண்டும். முற்று, எச்சம், எழுவாய் என்று பிரித்தறியக் கற்றவனுக்கு இவ்வேலை இரண்டு நிமிடம். கல்லாதவனுக்கு அரைமணியும் போதாது. தமிழிலக்கணம் ஆங்கிலத்துக்குத் தடையென்பார் இவ்வொரு வாக்கியத்தை மொழிபெயர்த்துப் பார்ப்பாராக.

இத்தகைய பயிற்சிக்கு வாக்கியம் எங்கே கிடைக்கும் எனின், தொழிற்பேட்டையின் வாயிலிலேயே கிடைக்கும். ஆலைகளில் தமிழர் மட்டுமன்றி வடநாட்டினரும், எல்லைக்கப்பாலிருந்து வரும் தெலுங்கரும் வேலை செய்கின்றனர். எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதனைப் படித்துச் சொல்வார் ஒருவர் வேண்டியவராகின்றார். கொதிகலனருகே தொங்கும் பலகையைத் தவறாக மொழிபெயர்த்தால் மதிப்பெண் குறைவதோடு நில்லாது. இம்மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இற் கோட்டை கட்டிய நாள்தொட்டே இக்கரையில் இருமொழி வல்ல துபாஷிகட்குத் தேவை இருந்து வந்துளது. இன்றும் அத்தேவை தீர்ந்திலது.

வீட்டிலிருந்தே செய்யத்தக்க மற்றொரு பயிற்சி, திருமறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்துப் பார்த்தல். வசனந்தோறும் எண்ணிட்டிருத்தலின் ஒப்புநோக்குதல் எளிது. முதலில் தமிழைப் படித்து நாமே ஆங்கிலமாக்கி, அதன் பின்னர் அச்சிட்டதைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஆயின் ஓர் எச்சரிக்கை: 1611-ஆம் ஆண்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு செவிக்கு எவ்வளவு இனிதாயினும், அதன் சொற்களைப் பரீட்சைத் தாளிற் பெய்தல் ஆகாது, இக்கால மொழிபெயர்ப்பொன்றைக் கைக்கொள்க. கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் இருமொழியிலும் வெளிவரும் அரசாங்க அறிக்கைகளைக் கொள்ளலாம். நடை சுவையற்றதேயாயினும் பயன் குறையாது.

கேட்டற் பகுதியில் ஏறக்குறைய தொள்ளாயிரஞ் சொல்லுள்ள சிறு விரிவுரையொன்று ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். கேட்டுக்கொண்டே குறிப்பெடுத்து, பின்னர்ப் பதினைந்து கோடிட்ட இடங்களை, இடத்துக்கு மூன்று சொல்லுக்கு மேற்படாமல் நிரப்பவேண்டும். இதற்குப் பயிற்சிப் பொறியொன்றும் விலைக்கு வாங்கவேண்டுவதில்லை. கல்லூரிச் சிற்றாலயத்தில் நிகழும் ஆங்கிலப் பிரசங்கமே போதும். அது பெரும்பாலும் மூன்று தலைப்பும் ஒரு முடிவுரையுமாக அமைந்திருக்கும். தலைப்பு மாறுமிடத்தில் போதகர் குரலும் மாறும். தலைப்புகளையும், ஒவ்வொன்றின்கீழும் ஒரு சான்றையும் குறித்துவந்தால், விரிவுரையின் எலும்புக்கூட்டைச் செவியாற் பிடிக்கும் திறம் தானே வரும். உறங்காதிருத்தற்கும் அஃதொரு வழி. ஐயெல்ட்ஸ் தேர்வின் கேட்டற் பகுதியும் ஒருமுறையே ஒலிப்பதாகலின் இப்பயிற்சி ஆங்கும் உதவும்.

படித்தலைப் பற்றி விரிக்கவேண்டுவதில்லை. நாடோறும் ஒரு தலையங்கத்தை நேரங்குறித்துப் படித்து, அதன் கருத்தை மூன்று வரியில் தமிழில் எழுதுக. ஆங்கிலச் சொற்களையே திருப்பி எழுதினால் பொருள் விளங்கிற்றா என்பது நமக்கே தெரியாது. தமிழில் எழுத இயலாதாயின் விளங்கவில்லை என்பது திண்ணம்.

கட்டுரைப் பகுதியிலேதான் பலர் வீழ்கின்றனர். கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள், எத்தலைப்புக்கும் பொருந்துமென்று சில முன்னுரைகளையும் முடிவுரைகளையும் அச்சிட்டுத் தருகின்றன. சீனத்தும் இவ்வழக்கம் உண்டு. மனப்பாடஞ் செய்த முன்னுரை மெருகேறி நிற்க, அடுத்த பத்தியில் மாணவனுடைய சொந்த நடை தள்ளாடி வரும். திருத்துவோர் தையல் தெரியும் இடத்தை ஒரு நொடியிற் கண்டுகொள்வர். எட்டாம் படித் தேர்விலோ, தந்த பகுதியைப் படித்து, அதன் கருத்தைச் சுருக்கி, தன் கருத்தையுஞ் சேர்த்து முந்நூறு சொல்லேனும் எழுதுமாறு கேட்கின்றமையால் மனப்பாடம் பெரிதும் உதவாது. அதற்குரிய நாற்பத்தைந்து நிமிடத்தை யாம் இவ்வாறு பகுத்துப் பயின்று வருகின்றோம்: தந்த பகுதியைப் படித்துச் சுருக்கப் பத்து, நம் கருத்து இன்னதென்று ஒரே வாக்கியத்தில் துணிய ஐந்து, எழுத இருபத்தைந்து, எஞ்சிய ஐந்து நிமிடமும் முற்கூறிய குறிப்பேட்டின் இடப்பக்கத்துப் பிழைகளை மட்டுமே தேடுதற்கு. முதலிற் பன்மை விகுதி, அடுத்துக் காலம், அதன்பின் 'தி' என்னும் சிறு சொல். மூன்றையும் ஒருங்கே தேடாது, ஒவ்வொன்றாகத் தாளின் தலைமுதற் கடைவரை மும்முறை ஓடிப் பார்த்தல் வேண்டும்.