நெல்லுக்குத் தழைச்சத்து: பசுந்தாளும் யூரியாவும்

மும்பை மாநகரின் கிழக்குப் புறத்தில், செம்பூரிலிருந்து டிராம்பே வரையிலான சில கிலோமீட்டர் தொலைவுக்குள், நாட்டின் நெல் வயல்களோடு தொடர்புள்ள இரண்டு நிறுவனங்கள் அமைந்துள்ளன. ஒன்று, ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்தின் டிராம்பே உரத் தொழிற்சாலை. இந்திய உரக் கழகத்தின் கீழ் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய இத்தொழிற்சாலை, அக்கழகம் 1978-ல் சீரமைக்கப்பட்டபோது இப்புதிய நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. மற்றொன்று, பாபா அணு ஆராய்ச்சி மையம்.

காற்றிலுள்ள நைட்ரஜனை மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அம்மோனியாவாக்கி, அதிலிருந்து உரம் செய்வது முதல் நிறுவனத்தின் தொழில். அதே நைட்ரஜனை வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுகளை உண்டாக்கித் தேக்கிவைக்கும் மணிலா அகத்திச் செடியை ஆராய்ந்து, கதிர்வீச்சின் துணையால் டி.எஸ்.ஆர்.-1 என்னும் மேம்பட்ட வகையை உருவாக்கியது இரண்டாவது நிறுவனம். ஒன்று ஆலையின் வழி. மற்றொன்று செடியின் வழி. இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எந்த அளவில் இவ்விரண்டையும் இணைப்பது என்பதே பயனுள்ள கேள்வியாகும்.

தேவையின் அளவு

ஒரு டன் நெல்லை விளைவிக்கப் பயிர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் விளைச்சல் பெற வேண்டுமாயின், 75 முதல் 100 கிலோ தழைச்சத்து பயிருக்குக் கிடைத்தாக வேண்டும். இதில் ஒரு பகுதியை மண்ணே தருகிறது. எஞ்சியதை உழவர் இட வேண்டியிருக்கிறது. நீண்ட வைக்கோல் தரும் பழைய நெல் வகைகள் மிகுதியான தழைச்சத்தைத் தாங்காமல் சாய்ந்துவிடும். 1960-களின் பிற்பகுதியில் பரவிய குட்டை வகைகள் சாயாமல் நின்று, இட்ட உரத்தை மணியாக மாற்றின. ஆகவே, குட்டை வகைகளின் பரவலும் யூரியாவின் பரவலும் ஒன்றையொன்று தொடர்ந்தன.

அதற்கு முன்னர் தமிழக நெல் வயல்களுக்குத் தழைச்சத்து தந்தவை தொழுவுரமும், ஆட்டுக்கிடையும், பசுந்தாளும், பசுந்தழையுமே ஆகும். வயலிலேயே விதைத்து வளர்த்து மடக்கி உழுவது பசுந்தாளுரம்; தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி, மணிலா அகத்தி ஆகியவை இவ்வகையின. வேறிடத்தில் வளர்ந்த மரஞ்செடிகளின் தழையை வெட்டிக் கொணர்ந்து வயலில் மிதிப்பது பசுந்தழையுரம். புங்கம், வேம்பு, எருக்கு, கிளைரிசிடியா ஆகியவை இவ்வகையின. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், ஓர் உழவர் எதை மேற்கொள்ள இயலும் என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது.

செடி தருவது எவ்வளவு?

ஹெக்டேருக்கு சுமார் 50 கிலோ தக்கைப்பூண்டு விதையை விதைத்து, 45 முதல் 60 நாள்களுக்குள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், நன்கு வளர்ந்த பயிர் 80 கிலோ அல்லது அதற்கு மேலும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கவல்லது. வளர்ச்சி குன்றினால் இது பாதியாகவும் குறையலாம். இளஞ்செடியில் நார் குறைவாகவும் நைட்ரஜன் மிகுதியாகவும் இருப்பதால், நீர் கட்டிய வயலில் அது விரைவில் மட்கி, நட்ட பயிருக்கு உதவுகிறது. முற்றவிட்டால் தண்டு கட்டையாகி மட்குவதற்குக் காலம் பிடிக்கும்.

மணிலா அகத்தியின் சிறப்பை அதன் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஆய்வாளர்கள் 1981-ல் உலகுக்கு எடுத்துக்காட்டினர். வேர்முடிச்சுகள் மட்டும் கொண்ட செடிகள் நீர் தேங்கினால் சோர்வடையக்கூடும். தண்டிலும் முடிச்சுள்ள இச்செடி தேங்கிய நீரிலும் நைட்ரஜனைத் தேக்குகிறது. பகல் குறுகும் பருவத்தில் விரைவில் பூத்து, தழை வளராமல் நின்றுவிடுவது இதன் குறையாகும். டிராம்பேயில் உருவான வகை தாமதமாகப் பூப்பதால் மிகுதியான பசுந்தழை தருகிறது.

யூரியா எங்கே போகிறது?

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. ஆனால், நீர் நிற்கும் நெல் வயலில் கையால் வீசப்படும் யூரியாவின் தழைச்சத்தில் பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடே பயிரை அடைகிறது. வீசிய யூரியா சில நாள்களில் அம்மோனியமாக மாறுகிறது. வயல் நீரிலுள்ள பாசியின் செயலால் பகலில் நீரின் காரத்தன்மை உயர, அம்மோனியா ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி, மண்ணின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய உயிர்வளிப் படலத்தில் நைட்ரேட்டாக மாறி, கீழே உயிர்வளியற்ற சேற்றுக்குள் இறங்கியதும் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. கனமழை பெய்தால் வரப்பைத் தாண்டி ஓடும் நீரோடும் உரம் போய்விடுகிறது. இயற்கை எரிவாயுவையும் மின்சாரத்தையும் செலவிட்டுக் காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது எனலாம். எரிவாயுவின் ஒரு பகுதி இறக்குமதியாக வருவதால், இவ்விழப்பு அந்நியச் செலாவணி இழப்பும் ஆகும்.

உழவரின் கணக்கும் நாட்டின் கணக்கும்

இவ்வளவு தெரிந்தும் பசுந்தாள் ஏன் சுருங்கியது? விடை விலையில் உள்ளது. 1977 முதல் உர விலைக் கட்டுப்பாடு, ஆலைக்கு உரிய அடக்கவிலையையும் உழவருக்குக் குறைந்த விலையையும் உறுதி செய்து, இடைவெளியை மானியத்தால் ஈடு செய்தது. 1992-ல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோதும், 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும், யூரியா தனித்தே வைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக மூட்டை விலை 242 ரூபாயாயிற்று.

இவ்விலையில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 60 கிலோ தழைச்சத்து பெற 130 கிலோ யூரியா, அதாவது மூன்று மூட்டைக்கும் சற்றுக் குறைவு, போதுமானது. செலவு ஏறத்தாழ 700 ரூபாய். அதே அளவு தழைச்சத்துக்குத் தக்கைப்பூண்டு விதைப்பதாயின் 50 கிலோ விதை தேவை. விதையின் விலை கிலோவுக்கு 14 ரூபாயைத் தாண்டினாலே, விதைச் செலவு மட்டும் யூரியாவின் விலையை மிஞ்சிவிடும். உழவு, நீர், காத்திருக்கும் ஆறு வாரங்கள் ஆகியவை இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. எனவே, பசுந்தாளைக் கைவிட்ட உழவர் அறியாமையால் கைவிடவில்லை. தம்முன் வைக்கப்பட்ட விலைகளுக்கேற்பவே முடிவு செய்தார்.

ஆனால் யூரியாவின் உண்மையான அடக்கவிலை 242 ரூபாய் அன்று. எஞ்சியது அரசுக் கருவூலத்தைச் சாரும். பசுந்தாள் மண்ணின் அங்ககப் பொருளைக் கூட்டுவதும், களர் நிலத்தைத் திருத்த உதவுவதும், அடுத்த பயிருக்குச் சிறிது சத்தை விட்டுச் செல்வதும் எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. உழவரின் கணக்கில் மலிவானது நாட்டின் கணக்கில் மலிவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நிலத்துக்கேற்ற வழி

விலைக்கு அடுத்த தடை காலமாகும். காவிரிப் படுகையில் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டுகளில் குறுவை, சம்பா என அடுத்தடுத்து நடவு நடைபெறும்போது, பசுந்தாளுக்கு இடம் கிடைப்பது அரிது. கோடையில் குழாய்க்கிணற்று நீரோ மழையோ கிட்டும் வயலில்தான் அது இயலும். சம்பா மட்டும் பயிராகும் வயலில் நடவுக்கு முந்திய இரண்டு மாதங்கள் பசுந்தாளுக்கு ஏற்றவை. அங்கு நிலத்தின் வாடகை என்று இழப்பதற்கு ஏதுமில்லை.

மும்பையை அடுத்த கொங்கண நிலை வேறு. ராய்கட், ரத்னாகிரி மாவட்டங்களில் ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. அதன் பெரும்பகுதி நான்கே மாதங்களில் பெய்து முடிகிறது. ஜூன் முதல் மழையில் நாற்று விட்டு, ஜூலையில் நடுவர். அதுவரை வயல் காய்ந்து கிடப்பதால், அங்கேயே பசுந்தாள் வளர்க்க வழியில்லை. பழைய வழக்கப்படி நாற்றங்காலில் தழையும் சுள்ளியும் சாணமும் பரப்பி எரிக்கும் ‘ராப்’ முறை களையை அழித்தது. ஆனால் தழையிலிருந்த நைட்ரஜன் புகையாகவே போயிற்று.

இந்நிலத்துக்கென 1990-களில் பரவியதே ‘சார்சூத்ரி’ எனப்படும் நான்கு அம்ச நெல் சாகுபடி. பன்னாட்டு உர வளர்ச்சி மையத்தில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் டாக்டர் என்.கே. சாவந்த் இதனை முன்னின்று பரப்பினார். நெல்லின் வைக்கோல், உமிச்சாம்பல் ஆகியவற்றை மண்ணுக்கே திருப்புவது முதல் அம்சம். வரப்பில் வளர்த்த கிளைரிசிடியாவின் கிளைகளை நடவுக்கு முன் ஹெக்டேருக்கு சுமார் 3 டன் அளவில் பரப்புவது இரண்டாவது. இலை வயலில் உதிர்ந்து ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தைத் தர, குச்சி அடுப்புக்கு விறகாகிறது. 15, 25 சென்டிமீட்டர் என மாறிமாறி வரும் இடைவெளியில் அளந்து நடுவது மூன்றாவது. நெருங்கி நிற்கும் நான்கு குத்துகளுக்கு நடுவில், யூரியாவும் டி.ஏ.பி.யும் கலந்து அழுத்திய 2.7 கிராம் வில்லை ஒன்றை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் கையால் ஊன்றுவது நான்காவது அம்சமாகும்.

ஹெக்டேருக்கு 62,500 வில்லைகள், அதாவது ஏறத்தாழ 170 கிலோ போதும். அவற்றிலுள்ள தழைச்சத்து 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவே. எனினும் உயிர்வளியற்ற சேற்றின் ஆழத்தில் இருப்பதால், அது ஆவியாவதும் மழை நீரில் ஓடுவதும் வெகுவாகக் குறைகின்றன. ஆலையும் செடியும் ஒரே வயலில் ஒத்துழைக்கும் முறை இது.

வரம்புகள்

எந்த முறையும் குறையற்றதன்று. 62,500 வில்லைகளைக் குனிந்து ஊன்ற ஆள் வேண்டும். கொங்கணத்து ஆடவர் தலைமுறைகளாக மும்பையின் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஊரில் நடவு வேலையின் பளு பெரும்பாலும் மகளிர் மீதே விழுகிறது. எளிய ஊன்றுகருவி இல்லாமல் இம்முறையைப் பரப்புவது அவர்கள் முதுகின் மேல் மற்றொரு சுமையை ஏற்றுவதாகும். அடுத்து, பசுந்தாள் காற்றிலிருந்து தருவது தழைச்சத்தை மட்டுமே. மணிச்சத்தையோ துத்தநாகத்தையோ அது புதிதாக உண்டாக்காது. மேலும், நீர் கட்டிய வயலில் பசுமையான பொருளை உழுதால் மீத்தேன் வெளியேற்றம் கூடுகிறது. பயிரின் இடைக்காலத்தில் ஒருமுறை நீரை வடிப்பது இதனைக் குறைக்கும்.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து விரிவாக்கப் பணியாளர்களுக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, பசுந்தாளைப் பரிந்துரைக்குமுன் வயலில் 45 நாள் இடைவெளியும் நீரும் உள்ளனவா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் பசுந்தழையே வழி. அதற்கு வரப்பில் கிளைரிசிடியா நடுவது முதலீடாகும். இரண்டாவதாக, பசுந்தாள் இட்ட வயலில் அதற்கேற்ப யூரியாவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். குறைக்காவிடில் பயிர் மிகப் பசுமையாகி, பூச்சியும் நோயும் மிகும், மிச்சமும் கிடைக்காது. மூன்றாவதாக, விதைச் செலவே முதல் தடையாதலால், விதைக்கே உதவி தேவை. தமிழ்நாடு அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாளுர விதை விநியோகம் இடம்பெற்றிருப்பது இவ்வகையில் கருதத்தக்கது. உழவர் தம் வயலின் ஓரத்திலேயே சில வரிசைகளை விதைக்கு விட்டுவைத்தால், அடுத்த ஆண்டு இவ்வுதவியும் குறைவாகவே தேவைப்படும்.

செம்பூரின் ஆலை இல்லாமல், மாட்டுங்காவிலும் தாராவியிலும் அன்றாடம் உலையேறும் அரிசியை நாடு விளைவித்துவிட முடியாது. ஆயினும், ஆலை தரும் ஒவ்வொரு மூட்டையிலும் பாதிக்கு மேற்பட்ட தழைச்சத்து காற்றோடும் நீரோடும் போகும் வரை, மூட்டைகளைப் பெருக்குவதால் மட்டும் பயன் முழுமை பெறாது. வயலுக்கேற்ற பசுந்தாளோ தழையோ பளுவின் ஒரு பங்கை ஏற்க, எஞ்சியதை யூரியா வீணாகாமல் நிறைவு செய்யுமாயின், உழவரின் கணக்கும் நாட்டின் கணக்கும் ஒன்றையொன்று நெருங்கிவரும்.